நித்தியகல்யாணியும் புற்றுநோயும்

நித்தியகல்யாணியை அறியாதார் நம் கிராமங்களில் இலர். வீட்டு முற்றத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் ஆண்டு முழுவதும் பூப்பது அது. சுடுகாட்டு மல்லி என்றும் அதனை அழைப்பர். தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இலைக்காகவும் வேருக்காகவும் பயிரிடுகின்றனர். ஆடுமாடுகள் இதனை மேய்வதில்லை. கசப்பும் நஞ்சும் உடைய பொருள்கள் இதில் நிறைந்திருப்பதே காரணம். அவற்றுள் இரண்டு, புற்றுநோய்க்கு மருந்தாகப் பயன்பட்டு வருகின்றன.

மடகாஸ்கர் தீவு இச்செடியின் தாயகம். பல நாட்டு மக்கள் நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிப் பருகி வந்தனர். அதன் உண்மையை அறியும் பொருட்டு 1950-களில் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு இலைகள் அனுப்பப்பட்டன. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் விஞ்ஞானிகள் அவற்றின் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் பெரிதும் குறைந்தன. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று! வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? இவ்வாறு கிடைத்ததே வின்பிளாஸ்டின். பின்னர் கண்டறியப்பட்ட வின்கிரிஸ்டினை அமெரிக்க அரசு 1963-இல் மருந்தாக ஏற்றது.

இவை வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் நிறக்கோல்களை இரட்டித்து நடுவில் நிறுத்துகிறது. நுண்ணிய இழைகள் அவற்றை இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்கின்றன. டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து இவ்விழைகள் உருவாகின்றன. மருந்து அப்புரதத்தைப் பற்றிக்கொள்வதால் இழை உருவாவதில்லை. பாவு அறுந்த தறி போல வேலை நடுவில் நின்றுவிட, உயிரணு மடிகிறது.

ஆனால் இம்மருந்துக்கு நல்ல அணு, தீய அணு என்ற பேதம் தெரியாது. எலும்பு மச்சையும் மயிர்க்காலும் தாக்குறும். நரம்புகளுக்கும் அவ்விழைகளே ஆதாரமாதலின், வின்கிரிஸ்டின் பெறுவோருக்குக் கை கால் மரத்துப்போதலும் மலச்சிக்கலும் உண்டாவதுண்டு. ஆகவேதான் மருத்துவர்கள் இதனை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, இரத்த நாளத்தின் வழியே மட்டும் செலுத்துகின்றனர்.

‘கொல்லையில் செடி இருக்க, மருத்துவமனை எதற்கு?’ என்று சிலர் வினவக்கூடும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு பிடி இலைக் கஷாயத்தில் அம்மருந்து எவ்வளவு இருக்கும்? அத்துடன் இலையிலுள்ள பிற நஞ்சுகளும் உடலுக்குள் செல்லும். அதனினும் பெரிய நஷ்டம், கஷாயத்தை நம்பிக் கழியும் மாதங்கள். குழந்தைகளுக்கு வரும் கடும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளுடன் முறையாகக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், உடல் வெளுத்தல், ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை கண்ட குழந்தையைத் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.