எல்லையோரக் கணக்குகள் – 14
கோவிந்தாபுரத்துச் சார்ட்டும் நியூயார்க் பந்துவீச்சாளரும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற சாலையில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். முதலமடை மாந்தோப்புகளுக்குப் போகிற வண்டிகள் நிற்காமல் போய்விடும். லாட்டரிக் கடை ஓரமாக நிற்கிற இருசக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்தான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியை அடியோடு தடைசெய்தது. அதன் பிறகு கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று செக்போஸ்ட் இருக்கிற ஊர்களெல்லாம் கொங்குநாட்டுக்காரர்களின் பரிசுச்சீட்டுச் சந்தையாகிவிட்டன.

சீட்டு வாங்குகிறவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒருவர் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு போய்விடுவார். மற்றவர் சார்ட் பார்ப்பவர். போன மாத ரிசல்ட்டையெல்லாம் கட்டம் போட்டு எழுதி, கடைசி நம்பர் எது, எத்தனை நாளாக எது வரவில்லை என்று பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பார். இதற்குக் 'கெஸ்ஸிங்' என்று பெயர். "ஏழு வந்து இருவது நாளாச்சுங்கண்ணா. இனி வந்துதானே ஆகோணும்?" என்று கேட்பார். கேட்கிற தோரணையில் நமக்கே ஒரு நிமிடம் ஆமாம் என்று தோன்றும்.

ஆக வேண்டியதில்லை. திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் பிற்பகல் மூன்று மணிக்குச் சுழலும் இயந்திரத்துக்கு நேற்றைய ரிசல்ட் தெரியாது. ஏழு வரும் வாய்ப்பு நேற்றும் பத்தில் ஒன்று, இன்றும் பத்தில் ஒன்று. முப்பது நாள் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டால், பத்து இலக்கங்களில் ஏதோ ஒன்றாவது கடைசி இடத்தில் ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 37. பேப்பரும் பேனாவும் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். அதாவது மூன்று மாதம் சார்ட் எழுதுகிறவர் கண்ணில் இப்படி ஒரு 'பிடிவாதக்கார' நம்பர் படாவிட்டால்தான் ஆச்சரியம்.

இதே மாதிரி கட்டம் போடுகிற ஆட்கள் அமெரிக்காவிலும் உண்டு. அவர்கள் எழுதுவது பேஸ்பால் பந்துவீச்சாளர்களின் பெயர்களை. அந்தக் கட்டத்துக்கு ஓரளவு அர்த்தம் இருக்கிறது என்பதால்தான் இந்த வாரம் அங்கே போகிறேன்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்துவீச்சாளர் நூறு பந்து போல வீசுவார். பிறகு நாலைந்து நாள் ஓய்வு. அதனால் ஒவ்வொரு அணியும் ஐந்து பேரை முறைவைத்து இறக்குகிறது. நாளைக்கு யார் இறங்குகிறார் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். முப்பது அணிகள், சீசனுக்கு ஆளுக்கு 162 ஆட்டங்கள். ஒரே நாளில் 15 ஆட்டம்கூட நடக்கும். பந்தயக்காரர் அத்தனையிலும் பணம் கட்டமாட்டார். இந்தப் பக்கம் தேர்ந்த பந்துவீச்சாளர், அந்தப் பக்கம் அடிவாங்குகிறவர் என்று ஏற்றத்தாழ்வு தெரிகிற ஒன்றிரண்டை மட்டும் பொறுக்குவார். இடக்கையா வலக்கையா, போன ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினார், அவருக்குப் பின்னால் வரப்போகிற மாற்று வீச்சாளர்கள் களைத்திருக்கிறார்களா என்றெல்லாம் பார்ப்பார். அறிவித்த ஆள் இறங்காவிட்டால் பந்தயமே செல்லாது, பணம் வாபஸ் என்று ஒரு பழைய வழக்கம்கூட உண்டு. ஆளைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் அவர்கள் ஜெயிக்கிறார்களா? 2018-ஐப் பாருங்கள். நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் அந்த ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்தான் கொடுத்தார். அந்த லீகின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது அவருக்கே. ஆனால் அவர் தொடங்கிய 32 ஆட்டங்களில் மெட்ஸ் ஜெயித்தது 14தான். அவர் ரன் கொடுக்கவில்லை, அவருடைய அணி மட்டைக்காரர்கள் ரன் எடுக்கவும் இல்லை! டிகிராம் இறங்குகிறார் என்றால் ஊருக்கே தெரியும், புக்கிக்குத் தெரியாதா? விலையை ஏற்றிவிடுவார். 300 ரூபாய் கட்டினால் 200 லாபம் என்று வைத்துக்கொள்வோம். இந்த விலையில் முதலைக் காப்பாற்றவே நூற்றுக்கு அறுபது ஆட்டம் ஜெயிக்க வேண்டும். 32 ஆட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டியவருக்கு 2,600 ரூபாய் நஷ்டம். பந்துவீச்சாளரைப் பற்றி அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஏற்கெனவே விலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

கணக்குக்கு இடமுள்ள பந்தயம், இடமில்லாத பந்தயம் என்று நம் நீதிமன்றமும் ஒருமுறை பிரித்துப் பார்த்தது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தருகின்றன, ஆகவே இது திறமை ஆட்டம். கிண்டியில் புத்தகம் புரட்டிக் குதிரை தேடியவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் பணம் கொண்டுபோனார்கள் என்பது தீர்ப்பில் இருக்காது.

இப்போது அந்தக் கோடும் பாதி அழிந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையோ அதிர்ஷ்டமோ என்று பார்க்காமல் மொத்தமாகத் தடுக்கிறது. அதே நேரத்தில், திறமைக்கு நூலிழைகூட இடமில்லாத தாள் சீட்டைக் கோவிந்தாபுரத்தில் கேரள அரசே விற்கிறது. 1967 நவம்பரில் ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் முதல் பரிசு என்று தொடங்கிய வியாபாரம் அது. எனக்கு அதில் ஒரே ஆறுதல்: திறமைசாலி என்று வாங்குகிறவனை அது முகஸ்துதி செய்வதில்லை. சார்ட்டை அரசு அச்சடிப்பதில்லையே.

லாட்டரிக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக்கூடாது என்கிறது. அன்றைக்கு ஒரு நம்பர் லாட்டரியில் தினக்கூலியை மத்தியானத்துக்குள் தொலைத்த குடும்பங்களை நினைவிருப்பவர்களுக்கு அதன் காரணம் புரியும். பந்தயத்தைப் பொடிப்பொடியாக நறுக்க நறுக்க யோசிக்க நேரம் கிடையாது, திருடுவதும் சுலபம். அமெரிக்கர்கள் இதைத் தாமதமாகக் கண்டுகொண்டார்கள். அங்கே ஆட்டத்தின் மீது மட்டுமல்ல, அடுத்த ஒரே ஒரு பந்து எப்படி வரும் என்றும் பணம் கட்டலாம். கிளீவ்லாந்து கார்டியன்ஸ் அணியின் இரண்டு பந்துவீச்சாளர்கள் பந்தயக்காரர்களுக்காக வேண்டுமென்றே பந்தை மாற்றி வீசினார்கள் என்று 2025 நவம்பரில் குற்றச்சாட்டு பதிவானது. இருவரும் அதை மறுத்திருக்கிறார்கள். உடனே, ஒற்றைப் பந்துப் பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வந்தது.

நம் பக்கம் நறுக்கும் வேலை சட்டத்துக்கு வெளியே நடக்கிறது. சீட்டே இல்லாமல், மூன்று மணி ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணை மட்டும் வைத்துக் காசு வாங்குகிற 'மூணு நம்பர்' ஆட்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், இரண்டு போலீஸும் வழக்குப் போடுகிறது. சார்ட் பார்ப்பவரின் மிச்சக் காசு போவது பெரும்பாலும் அங்கேதான். அரசுச் சீட்டில் ஆறு இலக்கத்தைக் கணிக்கத் தயங்குகிறவர், மூன்று என்றதும் துணிந்துவிடுகிறார். ஆயிரத்தில் ஒன்று என்று எடுத்துச் சொன்னால், "ஆயிரந்தானுங்களே" என்கிறார்.

அடுத்த வாரம் வாளையார் போவோம். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்த சீட்டு அங்கேதான் விற்றது. பரிசு போனது திருப்பூர் பக்கத்து நாலு நண்பர்களுக்கு.

(தொடரும்)