யார் செய்த பாவம்?

"அக்கா, நான் என்ன பாவம் செய்தனான் எண்டு ஆண்டவர் எனக்கு இப்பிடிச் செய்தவர்?"

உளவளத்துணைப் பணிக்காக வீடு வீடாகப் போகத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனை பெண்களின் வாயிலிருந்து கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. கணவனைப் புதைத்தவளும் கேட்கிறாள், மகனைத் தேடி அலைபவளும் கேட்கிறாள். சைவச் சகோதரிகள் 'முற்பிறப்பில் செய்த வினை' என்பார்கள். நாங்கள் 'ஆண்டவர் தண்டித்துப் போட்டார்' என்போம். சொல்தான் வேறு, உள்ளே எரிவது ஒன்றுதான். நானும் அப்படி எரிந்தவள் என்பதால் என் கதையையே சொல்கிறேன். நான் கத்தோலிக்கப் பெண். ஆகவே எனக்குத் தெரிந்த வேதத்தை வைத்துத்தான் பேச முடியும். மற்றச் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2009 ஆம் ஆண்டு பெப்ரவரி கடைசி. முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்து மாத்தளனுக்கு வந்து சேர்ந்திருந்தோம். கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது. சேலையில் மண் நிரப்பி அடுக்கி அதற்குள் இருந்தோம். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. என்னிடம் அரைப் பேணி பால்மா இருந்தது. சங்கிலியைக் கொடுத்து வாங்கிய பால்மா. பக்கத்துப் பங்கரில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பெண் ஒருத்தி. அவளுடைய மகனுக்கு மூன்று வயது. ஒருநாள் இரவு வந்து, "அக்கா, பிள்ளைக்கு ஒரு கரண்டி மா கிடக்கோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, எல்லாம் முடிஞ்சுது" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் எடுக்கப் போன என் கணவர் செல் விழுந்து செத்துப்போனார்.

மூன்று கிழமையில் அந்தச் சின்னப் பையனும் போய்விட்டான். பசியால் அல்ல, அதுவும் செல்தான். குழி வெட்ட ஆளில்லாமல் நானும் அவளும் கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்தோம். ஏப்ரலில் சனத்தோடு சனமாக வெளியே வந்து செட்டிகுளம் முகாமுக்குப் போனபோது ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிட்டோம்.

முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் படுத்துக்கிடந்து என் மனம் ஒரு கணக்குப் போட்டது. 'நான் பால்மாவை ஒளித்தேன். அதற்காகக் கடவுள் என் மனுசனை எடுத்தார்.' அந்தக் கணக்கு எவ்வளவு சரியாகப் பொருந்தியது என்று நினைத்தால் இப்போதும் பயமாயிருக்கிறது. அங்கே ஒரு செபக்கூட்டத்தில், சனத்தின் பாவம்தான் இந்த யுத்தத்தைக் கொண்டுவந்தது என்று ஒருவர் பிரசங்கித்தார். எனக்கு அது இன்னும் உறுதியாகிவிட்டது. மகளைத் தொடவே பயந்தேன். அடுத்த தண்டனை அவளுக்கு வந்துவிடுமோ என்று, நேர்ந்துவிட்ட ஆட்டைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன்.

2011 இல் ஊருக்குத் திரும்பிய பிறகு, கூரையில்லாத எங்கள் கோவிலில் ஒரு தவக்கால ஞாயிறு. லூக்கா நற்செய்தி 13 ஆம் அதிகாரம் வாசித்தார்கள். எத்தனையோ தரம் கேட்ட பகுதிதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஆளுநர் பிலாத்து அவர்களைக் கொன்ற செய்தியை இயேசுவிடம் வந்து சொல்கிறார்கள். கவனியுங்கள், அவர்கள் கும்பிடப்போன இடத்தில் கொல்லப்பட்டவர்கள். 1995 யூலை 9 ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்து, விமானக் குண்டுவீச்சில் இறந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப்போல. 1999 நவம்பர் 20 ஆம் திகதி மடு மாதாவின் வளவில் செல் பட்டு இறந்த சுமார் 40 பேரைப்போல. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த கதையையும் இயேசுவே எடுத்துச் சொல்கிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லவேயில்லை என்று தானே பதிலும் சொல்கிறார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். முன்பெல்லாம் இந்த இடம் எனக்குக் கோபத்தைத் தரும். ஆறுதல் சொல்லிவிட்டு அடிக்கிறாரே என்று. அன்றுதான் அவர் இரண்டு கணக்குகளைப் பிரித்துவைக்கிறார் என்று விளங்கியது. செத்தவனுடைய சாவைக்கொண்டு அவனுடைய பாவத்தை அளக்காதே. உன்னுடைய பாவத்தை நீ பார்.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வயதான சுவாமி. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உம்முடைய மனுசன்ர சாவு உம்முடைய கணக்கில்லை, அதை எழுதினது ஆரோ வேற ஆள்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்ததாக, "அந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறாவோ?" என்று கேட்டார். வந்த மூச்சு நின்றுவிட்டது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது, என்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ என்று மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் வேறொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் 'கடவுள் சித்தம்' என்று சொல்லிவிடுகிறோமே, அதில் யாருக்கு இலாபம்? செல் தானாக விழுவதில்லை, ஒருவர் அடிக்கிறார். கடவுள்மேல் பழியைப் போட்டால் அடித்தவர் தப்பிவிடுவார். நானும் தப்பிவிடுவேன், பால்மாவை ஒளித்ததும் சித்தம்தானே!

அதேபோலத்தான் சிலுவையும். குடித்துவிட்டு அடிக்கிற புருசனைப் பற்றிச் சொல்ல வந்த பெண்ணிடம், "உன்ர சிலுவையைச் சும பிள்ளை" என்று சொல்லி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். இயேசு தன் சிலுவையைத் தானாக ஏற்றார். இன்னொருவனுடைய முஷ்டியைச் சிலுவை என்று அவர் சொன்னதில்லை. அடிப்பது அடிப்பவனுடைய பொறுப்பு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அதைக் கேட்கப் போவது விசுவாசக் குறைவல்ல.

யோபுவின் கதையில் எனக்கு எப்போதும் அவருடைய மனைவியைப் பற்றித்தான் யோசனை. செத்த பத்துப் பிள்ளைகளும் அவள் பெற்ற பிள்ளைகளுந்தானே? சிநேகிதர்கள் வந்து யோபுவோடு ஏழு நாள் பேசாமல் இருந்தார்கள். அது நல்ல வேலை. வாயைத் திறந்து 'நீ பாவம் செய்திருப்பாய்' என்று தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டிக்கிறார். ஆனால் அவளோடு ஏழு நிமிடமாவது ஒருத்தி இருந்ததாக எழுதப்படவில்லை. கசந்து ஒரு வார்த்தை சொன்னதற்காக இன்றைக்கும் பிரசங்கங்களில் திட்டு வாங்குகிறாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க எட்டு மாதம் சென்றது. தேட முடியாததால் அல்ல, துணிவில்லாததால். கடைசியில் ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். படலையில் நின்ற என்னைக் கண்டதும் அடையாளம் கண்டு, இருத்தி, பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போன வசனம் ஒன்றும் வரவில்லை. "அண்டைக்கு என்னட்ட மா இருந்தது" என்றுமட்டும் சொன்னேன்.

"தெரியும் அக்கா. நான் திரும்பிப் போகேக்க நீங்கள் பேணி மூடினது கேட்டது."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மகள் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

நாலைந்து மாதம் ஒரு தொடர்பும் இல்லை. பிறகு அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பிள்ளை இறந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். "கண்டது நீங்கள் மட்டுந்தான் அக்கா" என்றாள்.

போனேன். ஒன்றல்ல, நாலு தரம் அலைய வைத்தார்கள். 'காய்ச்சல் எண்டு எழுதினால் கெதியா முடியும்' என்று அங்கே நின்ற ஒருவர் காதுக்குள் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேனையை வாங்கி, இடம் மாத்தளன், திகதி 2009 மார்ச் 21, செல் பட்டு இறந்தார், உடலை நானும் தாயுமாகப் புதைத்தோம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.