வலி காலில், கோளாறு முதுகில்

மாணவர்களே, செலண்டார் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். செம்பனைக் குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்ட மனிதர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிடுவார். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் முதுகைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "காலு இழுக்குது" என்பார். புட்டத்தில் தொடங்கி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல ஒரு வலி. வீட்டில் உள்ளவர்கள் கெண்டைக்காலில் தைலம் தேய்த்து நீவிவிடுவார்கள். கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் கோளாறு இருக்கும் இடம் வேறு.

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். இடிபட்டது முழங்கை, விறுவிறுப்பதோ சுண்டுவிரல். ஏனென்றால் சுண்டுவிரலின் செய்திகளைச் சுமக்கும் நரம்பு அங்கே தோலுக்கு அருகில் ஓடுகிறது. நரம்பின் எந்த இடத்தில் அடிபட்டாலும், அது புறப்படும் உறுப்பில்தான் வலி என்று மூளை கணக்குப் போட்டுவிடும். காலிலும் இதே கதைதான். கீழ்முதுகுப் பகுதியிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து சியாட்டிக் நரம்பு ஆகின்றன. நம் உடலிலேயே தடித்த நரம்பு இதுதான்; ஏறக்குறைய ஒரு விரல் பருமன் இருக்கும். அதன் வேர்களில் ஒன்று முதுகில் நெருக்கப்பட்டால் வலி காலில் தெரியும். இந்த வலிக்குப் பெயர் சியாட்டிக்கா.

இது நரம்பிலிருந்து வரும் வலி என்று, இடுப்பு மூட்டு வலியிலிருந்து பிரித்து 1764ஆம் ஆண்டில் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ. அந்த நரம்பை நெருக்குவது எது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க மேலும் 170 ஆண்டுகள் ஆயின. 1934இல் அமெரிக்காவின் போஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது என்று காட்டினார்கள். 'டிஸ்க் விலகிவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் வட்டு இடம்விட்டு நழுவுவதில்லை.

மலாக்காக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஓண்டே-ஓண்டேயை விரலால் அழுத்தினால் என்ன ஆகும்? மாவு கிழிந்து உள்ளே இருக்கும் குலா மலாக்கா பீறிட்டு வரும். வட்டுக்கும் வெளியே நார் உறை, உள்ளே கூழ்போன்ற மையம். உள்ளிருப்பது வெளியே வந்து பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரைத் தொடுகிறது. நெருக்குவதோடு நிற்காமல், அந்தக் கூழ் நரம்பைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகிறது.

இந்த உவமை முழுக்கச் சரியா என்றால், இல்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் இத்தகைய 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேருக்கு, வட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பே பெயர்ந்திருந்தது. உறை மட்டும் கிழிந்தவர்கள் குறைவு. சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் சாயமும் சேர்ந்து வருமே, அதுபோல. உலகப் பாடநூல்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்ததைத் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்று திருத்தியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

சரி, குலை தூக்குவதில் என்ன ஆபத்து? நெம்புகோல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ குலையை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறார் ஒருவர். அதைத் தாங்கும் முதுகுத் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. 20-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 160. அதாவது 160 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தசைகள் இழுக்க வேண்டும். அந்த அழுத்தம் வட்டின் மேல் இறங்கும். குனிந்த மேலுடலின் எடை இதில் சேரவில்லை. குலையை உடம்போடு அணைத்து 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 80 ஆகக் குறையும். உங்கள் பள்ளிப் பையைக் காட்டிப் பயமுறுத்த மாட்டேன். உங்கள் வயதில் சியாட்டிக்கா அரிது. முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளில் இருக்கும் உங்கள் பெற்றோருக்குத்தான் இது அதிகம் வரும். தாத்தா பாட்டிகளுக்கு நரம்பு செல்லும் பாதையே குறுகிப்போவதாலும் வரலாம்.

மருத்துவர் நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்துவார். நெருக்குண்ட நரம்பு இழுபட்டு, கால் செங்குத்தாவதற்கு வெகுமுன்பே வலி சுரீரென்று காலில் இறங்கும். லாசேக் சோதனை என்று இதற்குப் பெயர். இதை 1881இல் எழுதியவர் ஃபோர்ஸ்ட் என்ற மாணவர். பெயர் கிடைத்ததோ ஆசிரியர் லாசேக்குக்கு! பிறகு குதிகாலால் நடக்கச் சொல்வார், நுனிக்காலால் நிற்கச் சொல்வார். எது முடியவில்லையோ அதை வைத்து எந்த வேர் பாதிக்கப்பட்டது என்று ஊகிப்பார்.

பலருக்கும் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. பிதுங்கி வந்த துண்டை அந்நியப் பொருளாகக் கருதி, நம் நோயெதிர்ப்பு அணுக்களே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணியத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். அதுவரை வலிமருந்து, இயன்முறைப் பயிற்சி, முடிந்த அளவு நடமாட்டம் ஆகியவைதான் சிகிச்சை. "அசையாமல் படு" என்பது நம் வீடுகளில் கேட்கும் அறிவுரை. நெதர்லாந்தில் 183 பேரிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுத்தே இருந்தவர்களும் வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களும் 12 வாரத்தில் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். இரு பக்கமும் நூற்றுக்கு 87 பேர். வாரக்கணக்கில் படுத்திருந்தால் தசை தளரும். நாள் சம்பளமும் போகும்.

அறுவை சிகிச்சை வேண்டாமென்றில்லை. ஆறு வாரத்துக்கு மேலும் கடும் வலி நீடித்த 283 பேரை வைத்து அதே நாட்டில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. காத்திருக்கச் சொன்னவர்களில் நூற்றுக்கு 39 பேர் கடைசியில் அறுவைக்கே போனார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். ஆகவே, வலியைத் தாங்க முடிகிறதா, வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் எவ்வளவு என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு நழுவத் தொடங்கினால் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. முதுகுத் தண்டின் கீழே குதிரைவால்போலத் தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கினால், சிறுநீர் வராது, அல்லது அறியாமலே கசியும். சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போகும். இரண்டு கால்களும் வலுவிழக்கலாம். இதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம். நம் பெரியவர்கள் கால்வலியைச் சொல்வார்கள், இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் வீட்டில் யாருக்காவது கால் இழுத்தால், "ஒண்ணுக்குச் சரியா போகுதா?" என்று நீங்களே கேளுங்கள். இல்லை என்றால் தைலத்தை வைத்துவிட்டு 999-ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துப் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது சிறுநீர்ப் பிரச்சினையை. கால்வலியைப் பிறகு சொல்லலாம்.