மூன்றாம் பிரம்மதந்திர சுவதந்திர ஜீயர்

மூன்றாம் பிரம்மதந்திர சுவதந்திர ஜீயர் (பொ.யு. 15-ம் நூற்றாண்டு) வைணவத் துறவி, பரகால மடத்தின் மூன்றாவது தலைவர். மணிப்பிரவாள நடையில் ஆழ்வார், ஆசாரியர் வரலாற்றைக் கூறும் 'மூவாயிரப்படி குருபரம்பரா பிரபாவம்' என்ற நூலின் ஆசிரியர்.

மடம்

பரகால மடம் வேதாந்த தேசிகரின் மாணவரான முதலாம் பிரம்மதந்திர சுவதந்திர ஜீயரிலிருந்து தொடங்குகிறது. வடகலை மரபைச் சேர்ந்தது. பிற்காலத்தில் மைசூர் உடையார் அரசர்களின் குருபீடமாக விளங்கியது. மடத்தில் ஹயக்ரீவர் வழிபாடு முதன்மையானது.

நூல்

'படி' என்பது 32 எழுத்துகள் கொண்ட அளவு. உரைநடை நூல்களை இவ்வளவால் கணக்கிட்டுப் பெயரிடுவது வைணவ மரபு. மூவாயிரப்படி ஆழ்வார்கள் முதல் வேதாந்த தேசிகர் காலம் வரையிலான வரலாற்றைச் சொல்கிறது.

இதற்கு முற்பட்டது, நம்பிள்ளையின் மாணவர் பின்பழகிய பெருமாள் ஜீயர் எழுதிய 'ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம்'. திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய திருவாய்மொழி உரையும் 'ஆறாயிரப்படி' என்றே வழங்கும். அது வேறு நூல்.

இரு கிளைகள்

இரு நூல்களுக்கும் நடுநாயகர் இராமானுஜர். இன்று வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளால் அறியப்படும் ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்தவர் என்பது மரபு. அவருக்குப் பின் வழி பிரிகிறது. ஆறாயிரப்படி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள மதுரமங்கலத்தில் பிறந்த எம்பார், பராசர பட்டர், நஞ்சீயர் வழியாக நம்பிள்ளையை அடைகிறது. மூவாயிரப்படி போற்றும் வரிசை பிள்ளான், எங்களாழ்வான், நடாதூர் அம்மாள், கிடாம்பி அப்புள்ளார் வழியாக வேதாந்த தேசிகரை அடைகிறது.

வைணவத்தில் ஒருவர் தம் ஆசாரியர் வழியாகவே இராமானுஜருடன் தொடர்பு பெறுகிறார். எனவே யாருக்குப் பின் யார் என்பது வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல. இராமானுஜரின் கல்வி யாரிடம் வந்து சேர்ந்தது என்ற உரிமையும் அதில் அடங்கியுள்ளது. வடகலை, தென்கலைப் பிரிவுகள் தத்தம் மரபை நிறுவ இந்நூல்களை ஆதாரமாகக் கொள்கின்றன.

வரலாற்று மதிப்பு

இராமானுஜர் பற்றிப் பரவலாக அறியப்படும் செய்திகள் பலவற்றுக்கும் குருபரம்பரை நூல்களே அடிப்படை. ஆனால் மூவாயிரப்படி அவர் காலத்துக்குச் சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. பக்தியும் தொன்மமும் கலந்தது. இராமானுஜர் 120 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது போன்ற மரபுச் செய்திகளை ஆய்வாளர்கள் கல்வெட்டுகளுடனும் பிற நூல்களுடனும் ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். இந்நூலாசிரியர் தாம் எழுதும் மரபின் வாரிசும் ஆவார். ஆகவே 15-ம் நூற்றாண்டு வடகலை வைணவர் தம் மரபை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு மூவாயிரப்படி நேரடிச் சான்று.