டி.டி.எஸ். குறைந்தால் நல்ல தண்ணீரா?

ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் பையிலிருந்து முதலில் எடுப்பது டி.டி.எஸ். மீட்டரைத்தான். குழாய்த் தண்ணீரில் 400 காட்டும், ஆர்.ஓ. தண்ணீரில் 30. எண் இறங்கியதுமே தண்ணீர் சுத்தமாகிவிட்டதாக நம்பிவிடுகிறோம். உண்மையில் அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்த அளவை (டி.டி.எஸ்.) கணக்கிடுகிறது. கரைந்திருப்பது கால்சியமா, ஃபுளோரைடா என்பது அதற்குத் தெரியாது. வயிற்றுப்போக்கைத் தரும் கிருமியையும் அது காட்டாது.

இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகளை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை. இந்த உப்புகளில் கால்சியமும் உண்டு. லிட்டருக்கு 75 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 150 மி.கி. சேரும். பெரியவர்களின் அன்றாடத் தேவையோ சுமார் 1000 மி.கி. பால், கேழ்வரகு, கீரை தவறாமல் சாப்பிடுபவருக்கு இது சிறு பங்கு. வெள்ளை அரிசிச் சோறும் ரசமுமாக நாளைக் கழிக்கும் முதியவருக்கு அப்படியல்ல. ஆர்.ஓ. சவ்வு இந்தக் கால்சியத்தில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. தாது நீங்கிய தண்ணீரில் காய்கறியை வேகவைத்து வடித்தால், காயிலுள்ள தாதுவும் கூடுதலாகக் கரைந்து போகும்.

மெக்னீசியம் கூடுதலாக உள்ள நீரைக் குடிப்போரிடையே இதயநோய் மரணம் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை; ஆகவே இதை மருந்தாக நம்ப வேண்டாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரியின் கதை வேறு. அங்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பைத் தாண்டியது, பல் கறைபட்டது, எலும்பு வளைந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அத்தகைய கிணற்றுநீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. அவசியம். அந்த இயந்திரத்தில் 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' இருந்தால் எச்சரிக்கை தேவை: சுவைக்காக அது கலக்கும், சவ்வைக் கடக்காத தண்ணீரோடு ஃபுளோரைடும் திரும்பி வரும்.

ஆற்றுநீர் வரும் வீட்டில், உப்பு வரம்புக்குள் இருந்தால், கொதிக்கவைப்பதோ புறஊதா விளக்குள்ள வடிகட்டியோ போதும். டி.டி.எஸ். 500-க்குக் கீழுள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது; இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரும் அதற்கு ஒரு காரணம்.

இயந்திரம் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகிய நான்கின் முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.