முள்ளும் சக்கரமும்

தில்லி நகரினூடே அரவல்லி மலைத்தொடரின் கடைசிக் குன்றுகள் நீண்டு கிடக்கின்றன. ரிட்ஜ் எனப்படும் அக்காட்டை ஒட்டிய சாலைகளில் மிதிவண்டியில் செல்லும் மாணவர்கள் ஒரு முள்ளை நன்கு அறிவர். அம்முள்மரத்தை இந்தியில் விலாயதி கீக்கர் என்பர். இராமநாதபுரத்தில் வேலியோரம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் அதுவே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகளை அங்கும் அதே முள் வரவேற்கும்.

டயரில் முள் தைத்தால் உள்ளிருக்கும் டியூபில் துளை விழுகிறது. ஆயினும் காற்று இறங்கினாலே பஞ்சர் என்று முடிவு செய்தல் தவறு. நம் நாட்டு மிதிவண்டிகள் பலவற்றின் வால்வில் மெல்லிய ரப்பர்க் குழல் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் அதனை வால்வு டியூப் என்பர். நாளடைவில் அது இற்றுப்போகும். வால்வின் வாயில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழி எழுமாயின் பழுது அங்கேதான் உள்ளது; அச்சிறு குழலை மாற்றினாலே போதும்.

டியூபில் உள்ள துளையோ தன் காரணத்தைத் தானே சொல்லும். சாலையை நோக்கிய பக்கத்தில் ஒற்றைத் துளை இருந்தால் முள்ளோ ஆணியோ கண்ணாடிச் சில்லோ தைத்திருக்கிறது. பாம்பு கடித்தாற்போல் இரு துளைகள் அருகருகே இருந்தால் குற்றம் முள்ளினுடையது அன்று. காற்றுக் குறைந்த சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது ரிம்முக்கு அடியில் டியூப் நசுங்கியிருக்கிறது. துளை உட்புறத்தில் இருந்தால், ரிம்மைச் சுற்றிய நாடா விலகி, போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கலாம்.

காரணம் அறியாது ஒட்டுப் போடுதல் வீண்வேலை. காலையில் ஒட்டிய சக்கரம் மாலையில் மீண்டும் காற்றிறங்கி நிற்பதுண்டு. முள்ளின் முனை டயரிலேயே தங்கியிருக்கும், வெளியே தெரியாது. பழந்துணி ஒன்றை டயரின் உட்புறம் சுற்றிலும் மெல்ல இழுத்தால், முனை துணியைப் பற்றும். வெறும் விரலால் தேடுதல் கூடாது.

முள் பெரும்பாலும் தைத்தவுடனே டியூபை எட்டிவிடுவதில்லை. சக்கரம் உருள உருளச் சிறிது சிறிதாக உள்ளே இறங்குகிறது. எனவே வீடு திரும்பியதும் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, ஒட்டியிருப்பவற்றைப் பிடுங்கி எறிவோர்க்குப் பாதித் தொல்லை குறையும். மறுபாதி, காற்றைச் சரியாக வைத்திருப்பதில் உள்ளது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை பம்பு எடுத்தல் நன்று.

பஞ்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்பதில்லை. சாலையோரக் கடைக்காரர் வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை உருவி, நீரில் அமிழ்த்திப் பார்க்கிறார். டியூபையோ டயரையோ மாற்றும்போதுதான் கழற்றும் வேலை வருகிறது. முன்சக்கரம் எளிது. பின்சக்கரத்தின் அச்சிலோ ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டுக் கம்பி எனப் பலவும் கோக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்திற்கு முன் அச்சின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் நட்டு துருப்பிடித்து இறுகாது. கழற்றிய வாஷர்களை அதே வரிசையில் ஒரு தாளின்மேல் அடுக்கி வைத்தால், மாட்டும்போது குழப்பம் நேராது.

கியர் வண்டிகள் பலவற்றில் ஸ்பேனரே தேவையில்லை. நெம்புகோல் ஒன்றைத் திறந்தாலே சக்கரம் கழன்றுவிடும். இதனை அமைத்தவர் இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பஞோலோ. பனி மூடிய மலைப்பாதையில் விரல்கள் விறைத்து, நட்டைத் திருக இயலாமல் அவர் தவித்ததே இதற்குத் தூண்டுதல் என்பர். கழற்றுவதற்கு எளிதான இச்சக்கரம், நெம்புகோலை இறுக மூடாவிடில் ஓட்டத்திலேயே கழன்றுவிடக்கூடும். மாட்டியபின் வண்டியின் முன்புறத்தைத் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பார்த்து, பிரேக்கையும் சோதித்த பின்னரே ஏற வேண்டும்.