எலேன் ஃபுக்ஸ்: தோலின் உட்சட்டம்

லேசாக உரசினாலே குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் நீர்க்கொப்புளமாகப் பொங்கும் ‘எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ்’ என்னும் பரம்பரை வியாதியின் மூலகாரணம் வைத்திய உலகுக்கு நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. ஹோவர்ட் கிரீனின் ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோலின் உயிரணுக்களைத் தட்டில் வளர்க்கும் வித்தையைப் பயின்று, 1980-இல் சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்த எலேன் ஃபுக்ஸ் அம்மையார், நோயாளியிடமிருந்து காரணத்தைத் தேடிச் செல்லும் வழக்கமான மார்க்கத்தை விடுத்து, உயிரணுவுக்குள் நார் நாராக ஓடும் கெரட்டின் என்ற புரதத்திலிருந்து புறப்பட்டு, அது பழுதுபட்டால் விளையும் வியாதி எது என்று எதிர்த்திசையில் விசாரித்தார், துணிச்சலான காரியந்தான். கெரட்டின்-14இன் பழுதுற்ற ஜீனைத் தாங்கிப் பிறந்த எலிக்குஞ்சுகளின் தோல் கொப்புளித்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கையில், மேற்றோலின் அடிவரிசையில் நிற்கும் நெட்டையான உயிரணுக்கள், உட்கருவுக்குச் சற்றுக் கீழே, குறுக்காகக் கிழிந்து கிடந்தன. கூரையை உத்தரம் தாங்குவதுபோல உயிரணுவைக் கெரட்டினே தாங்குகிறது என்பது அதனால் நிரூபணமாயிற்று. அதே ஜீனின் பிழை நோயாளிகளிடமும் இருப்பதை அவரது குழுவினர் 1991-இல் வெளியிட்டனர். 2002 முதல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் சர்வகலாசாலையில், தோலைப் புதுப்பிக்கும் குருத்தணுக்களை அவர் ஆராய்ந்து வருகிறார்.